தொண்ணூற்றேழு சதவீதம் ஆம்

வீட்டைக் கட்டிப் பார், கல்யாணத்தைப் பண்ணிப் பார் என்று சொன்னவர்கள் இணையத்தில் ஒரு புதுச் சரக்கை அறிமுகம் செய்து பார்த்ததில்லை. பார்த்திருந்தால் மூன்றாவதாக அதையும் சேர்த்திருப்பார்கள். லோகப்பிரியா ஆறு வாரமாக அந்த மூன்றாவது காரியத்தில்தான் கிடந்தாள். பெரியநாயக்கன்பாளையத்தில் மேட்டுப்பாளையம் ரோட்டை ஒட்டி, சென்னியப்பனின் மோட்டார் ரீவைண்டிங் பட்டறைக்கு மேல்மாடியில் அவளுடைய ஆபீஸ். அவளையும் சேர்த்து ஒன்பது பேர். அவர்கள் செய்த செயலியின் பெயர் ‘செவி’.

ஓடுகிற மோட்டாரின் மேல் போனை இருபது விநாடி வைத்தால் போதும். செவி அந்தச் சத்தத்தைக் கேட்டு, பேரிங் தேய்ந்திருக்கிறதா, உள்ளே சுற்றியிருக்கும் செம்புக் கம்பிக் காயில் சூடேறுகிறதா, மோட்டார் இன்னும் எத்தனை நாள் தாங்கும் என்று சொல்லும். சொல்லிவிட்டு, ‘நாங்கள் சொன்னது சரியா?’ என்று கேட்கும். கீழே ‘ஆம்’, ‘இல்லை’ என்று இரண்டு பொத்தான்கள். அந்தப் பதில்களை வைத்துத்தான் செவி தன்னைத் தானே திருத்திக்கொள்ளும். துடியலூர், கணபதி, பெருந்துறை எஸ்டேட் என்று முப்பத்தெட்டுப் பட்டறைகளில் எட்டு மாதமாக ஓடிப் பதினோராயிரம் பதில்கள் சேர்ந்திருந்தன. அதில் நூற்றுக்குத் தொண்ணூற்றேழு ‘ஆம்’.

அந்தத் தொண்ணூற்றேழுதான் லோகப்பிரியாவுக்குச் சோறு, தண்ணி, தூக்கம் எல்லாம். காலையில் எழுந்ததும் சாமி படத்தைப் பார்ப்பதற்கு முன்னால் அதைத்தான் பார்ப்பாள்.

அறிமுகத்துக்கு அவர்கள் பிடித்த இடம் டெய்லிஷெல்ஃப் என்ற இணையதளம். உலகம் பூராவிலும் இருந்து வரும் புதுச் செயலிகளை அன்றன்றைக்கு வரிசைகட்டி வைப்பார்கள். பிடித்தவர்கள் ஓட்டுப் போடுவார்கள், சந்தேகம் இருந்தால் கேட்பார்கள். இருபத்துநாலு மணி நேரம்தான் கணக்கு. மேலே வந்தவனுக்கு மாலை மரியாதை, கீழே போனவனை நாய்கூடச் சீந்தாது. அங்கே நாள் பிறப்பது அமெரிக்காவின் மேற்குக் கரையில் நள்ளிரவு அடிக்கும்போது. நமக்கு அது பட்டப்பகல் பன்னிரண்டரை. கூட்டம் அதிகம் வருவது செவ்வாய்க்கிழமை என்று கண்டுபிடித்துச் சொன்னவன் யஷ்வந்த். காலேஜில் அவளோடு படித்தவன், செவியின் மூளையை எழுதியவன்.

“செவ்வாயோ வெறுவாயோம்பாங்க கண்ணு. ரெண்டு நாள் தள்ளி வியாழக்கிழமை வெச்சுக்க” என்றாள் அம்மா.

“அமெரிக்காக்காரனுக்குச் செவ்வாய்தாம்மா தோதுப்படுது.”

“அவனுக்கென்ன, நல்லது கெட்டது பாக்க அங்க ஆளா இருக்குது” என்று அம்மா உள்ளே போய்விட்டாள்.

தலைப்பு வரியை இருபத்திரண்டு தடவை மாற்றி எழுதினார்கள். ‘உங்கள் மோட்டாருக்கு ஒரு காது. தொண்ணூற்றேழு சதவீதம் துல்லியம்.’ ஒரு நிமிட வீடியோ, ஆறு படங்கள், அறிமுகமானதும் செய்தவர்களே போடவேண்டிய முதல் கடிதம், எந்த நாட்டில் எத்தனை மணிக்கு யார் விழித்திருப்பார்கள் என்ற பட்டியல் எல்லாம் சுவரில் ஒட்டியிருந்தது. கல்யாண வீட்டில் சமையல்காரரிடம் கொடுக்கும் பட்டியல்கூட அத்தனை நீளம் இருக்காது.

இத்தனை பாடும் ஒரே ஓர் ஆளுக்காக. கோபாலசாமி, பெருந்துறையில் பம்ப் கம்பெனி வைத்திருக்கிறவர், வாரம் இரண்டாயிரம் மோட்டார் அனுப்புகிறவர். ஆடி மாதக் கடைசியில் லோகப்பிரியா அவரைப் போய்ப் பார்த்தபோது காபி கொடுத்து, தன் மகளிடம் பேசுவதுபோலப் பேசினார். “ஒலகம் என்ன சொல்லுதுன்னு பாருங்க அம்மணி. அந்த எடத்துல மேல வந்துட்டீங்கன்னா, நம்ம கம்பெனியில இருந்து போற ஒவ்வொரு மோட்டாருக்கும் செவியப் போட்டுடலாமுங்க.” அவர் கையெழுத்துப் போட்டால் ஆபீஸ் நிற்கும். போடாவிட்டால் மாதக் கடைசியில் ஒன்பது பேரும் அவரவர் வீட்டுக்குப் போகவேண்டியதுதான். வேறு பெரிய வாடிக்கையாளர் யாரும் இல்லை, வருகிற வழியும் காணோம்.

புரட்டாசிச் செவ்வாய் வந்தது. பன்னிரண்டரைக்கு யஷ்வந்த் பொத்தானை அமுக்கினான். பன்னிரண்டு முப்பத்தொன்றுக்கு லோகப்பிரியாவின் கடிதம் ஏறியது. ஒரு மணிக்குப் பதினேழாவது இடம், இரண்டு மணிக்கு ஆறாவது. ஜெர்மனியில் இருந்து ஒருவர் பாராட்டினார், போலந்தில் இருந்து ஒரு பெண்மணி அவர்கள் மொழியில் எப்போது வரும் என்று கேட்டார். வடிவமைப்பு பார்க்கும் ஷ்ரவ்யா எல்லோருக்கும் தேங்காய் பன் வாங்கி வந்தாள். மூன்று மணிக்கு மூன்றாவது இடம். பன்னை யாரும் தொடவில்லை.

மூன்று இருபதுக்குத் துருக்கியில் இருந்து ஒரு கடிதம் வந்தது. எம்ரே என்று பெயர், ஓர் ஊரின் குடிநீர் பம்புகளைப் பராமரிக்கிறவராம். லோகப்பிரியா அதைச் சத்தமாகவே படிக்க ஆரம்பித்தாள். ‘அழகான செயலி. ஒரு சின்னச் சந்தேகம். உடைந்த பேரிங்கை மாட்டி ஒரு மோட்டாரை ஓட்டி, செவியை வைத்துப் பார்த்தேன். நன்றாக இருக்கிறது என்றது. நிறுத்தியிருந்த மோட்டாரில் வைத்தேன். நன்றாக இருக்கிறது என்றது. கடைசியாக என் மேசையில் வைத்தேன். என் மேசையின் பேரிங்கும் நன்றாக இருக்கிறதாம்.’ கூடவே வீடியோவும் போட்டிருந்தார்.

எல்லோரும் சிரித்தார்கள். அவளும்தான் சிரித்தாள். சிரித்துக்கொண்டே தன் போனை எடுத்து, தேங்காய் பன் இருந்த மேசையின் மேல் வைத்து, செவியை ஓட்டினாள். இருபது விநாடி போயிற்று.

‘பேரிங் நன்றாக இருக்கிறது. கவலை வேண்டாம். நாங்கள் சொன்னது சரியா?’

மறுபடி வைத்தாள். மேசை மறுபடியும் நன்றாகத்தான் இருந்தது. செருப்பைக்கூட மாட்டாமல் மாடிப்படியில் இறங்கிக் கீழே ஓடினாள்.

பட்டறையில் சென்னியப்பன் ஐந்து குதிரைசக்தி மோட்டார் ஒன்றை ஓடவிட்டுப் பார்த்துக்கொண்டிருந்தார். ஸ்க்ரூடிரைவரின் முனை மோட்டார் மேல், பிடி அவர் காதில். காயில் கட்டுகிறவர்கள் காலங்காலமாகக் கேட்கும் விதம் அதுதான். அவருக்கு ஸ்க்ரூடிரைவர்கூடத் தேவைப்பட்டிருக்காது. அந்த மோட்டார் போட்ட கரகர சத்தம் ரோட்டில் போகிற பஸ்ஸுக்கே கேட்டிருக்கும். லோகப்பிரியா போனை அதன் மேல் வைத்தாள்.

‘பேரிங் நன்றாக இருக்கிறது. கவலை வேண்டாம்.’

“ஏனுங்ணா, இது நல்லாவா இருக்குது?”

சென்னியப்பன் மோட்டாரை நிறுத்தினார். முகத்தைத் துண்டால் துடைத்தார். “இருக்கட்டுமுங்க அம்மணி. மிஷினுதானுங்க, ஒண்ணு ரெண்டு முன்னப்பின்ன இருக்கும்.”

“நீங்க எட்டு மாசமா ‘ஆம்’ தானுங்ணா அமுத்தியிருக்கறீங்க. எழுநூறு தடவை. ஒரு தடவை போக அத்தனையும் ‘ஆம்’.”

“ஆமாங்க.”

“அத்தனையும் அது சரியாவா சொல்லுச்சு?”

அவர் துண்டை உதறித் தோளில் போட்டார். போட்டதை எடுத்து மறுபடி உதறினார். வாயைத் திறக்க அவர் பட்ட பாட்டைப் பார்த்தால் பிரசவ வேதனை தோற்றுவிடும். “அம்மணி, நான் மொதல்ல என்ற காதுல கேட்டு, கோளாறு என்னன்னு கண்டுபுடிச்சுப்போடுவனுங்க. அப்பறமா உங்க போனை எடுத்து வெப்பனுங்க. அது என்னமோ சொல்லும். சொல்லிப்போட்டு, ‘சரியா?’ன்னு கேக்குமுங்க. பாவம், புள்ள இத்தனை மெனக்கெட்டுப் பண்ணியிருக்குது, நம்ம பட்டறையில ஒக்காந்து டீ குடிச்சுப்போட்டுப் போற புள்ள, மூஞ்சிக்கு நேரா ‘இல்லை’ன்னு எப்படிங்க சொல்றது?”

“என்ற மூஞ்சி எங்கீங்ணா வந்துச்சு? அது வெறும் பொத்தானுங்ணா!”

“வருதுங்களே” என்றார் சென்னியப்பன். “ஒருக்கா ‘இல்லை’ அமுத்துனனுங்க. நீங்க கை கூப்பிக்கிட்டு வந்து நின்னீங்க. ‘மன்னிக்கவும், எங்கே தவறினோம்?’னு கேட்டீங்க. எனக்கு ஒரு மாதிரி ஆயிப்போச்சுங்க. அன்னைக்கு மத்தியானம் சோறே எறங்கலீங்க. அதுக்கப்பறம் அந்தப் பக்கமே நான் போறதில்லீங்க.”

லோகப்பிரியாவுக்குத் தலையில் இடி இறங்கியது. அது அவளே செய்த காரியம். ‘இல்லை’ அமுக்குகிறவர்கள் மனம் நோகக்கூடாது, மரியாதையாக இருக்கட்டும் என்று தன் படத்தையே கைகூப்பி எடுத்து அங்கே வைக்கச் சொல்லியிருந்தாள். கொங்கு நாட்டில் பிறந்த ஒரு பட்டறைக்காரர், வீடு தேடி வந்து கைகூப்பி நிற்கிற பெண்பிள்ளையிடம் உன் சரக்கு மட்டம் என்று சொல்வார் என்று அவள் எப்படித்தான் நம்பினாளோ! விருந்தில் ரசம் உப்புக் கரித்தால்கூட, நல்லா இருக்குதுங்க, இன்னும் கொஞ்சம் ஊத்துங்க என்று வாங்கிக் குடிக்கிற ஊர் இது. அவளும் இதே ஊர்க்காரிதானே.

“மத்த பட்டறைக்காரங்க?” என்றாள்.

“பேசிக்குவமுங்க” என்றார் சென்னியப்பன், தரையைப் பார்த்துக்கொண்டு. “எல்லாத்துக்கும் இதேதானுங்க. கஸ்டமரு பக்கத்துல இருக்கறப்ப, செவி நல்ல மோட்டாரக் கெட்டுப்போச்சுன்னு சொன்னா மட்டும் ‘இல்லை’ அமுத்துவாங்க. இல்லாட்டி அந்த ஆளு நம்மளத் திருடன்னு நெனச்சுக்குவானுங்க.”

அவள் படியேறினாள். மேலே வந்து யஷ்வந்தைத் தனியாகக் கூப்பிட்டு விஷயத்தைச் சொன்னாள். அவன் கணினியில் ஒரு கோப்பைத் திறந்தான். பதினோராயிரத்தில் ‘இல்லை’ வந்தது முந்நூற்றுச் சொச்சம். அத்தனையும், ஒன்று விடாமல், செவி ‘கெட்டுவிட்டது’ என்று சொன்ன இடங்களில். ‘நன்றாக இருக்கிறது’ என்று சொன்னபோது ஒருவர்கூட மறுக்கவில்லை. செவி கெட்டிக்காரப் பிள்ளை. எதைச் சொன்னால் திட்டு விழாது என்று எட்டு மாதத்தில் கற்றுக்கொண்டுவிட்டது. இப்போது அதற்கு மோட்டாரும் ஒன்றுதான், மேசையும் ஒன்றுதான்.

“அப்ப தொண்ணூத்தேழு பர்சன்ட்?” என்றாள்.

“அது மோட்டாரோட கணக்கில்ல, லோகா” என்றான் யஷ்வந்த்.

அந்த நேரம் பார்த்து வெளியே கைதட்டல் வெடித்தது. ஷ்ரவ்யா ஓடிவந்து கதவைத் திறந்தாள். “அக்கா, முதல் இடம்! நாமதான் முதல் இடம்!”

யஷ்வந்த் கதவைச் சாத்தினான். “இங்க பாரு. நாளைக்குப் பன்னெண்டரை வரைக்கும் வாயத் திறக்க வேண்டாம். துருக்கிக்காரனுக்கு, பார்க்கறோம்னு ஒரு வரி போட்டுடலாம். முதல் இடம் முடியட்டும், கோபாலசாமி கையெழுத்துப் போடட்டும். அப்புறம் ரெண்டு மாசத்துல உக்காந்து சரிபண்ணிக்கலாம். பொய் சொல்லச் சொல்லல. சும்மா இருக்கச் சொல்றேன்.”

அவள் பதில் சொல்வதற்குள் போன் அடித்தது. கோபாலசாமி.

“அம்மணி, பார்த்தனுங்க! மொத எடமாமா! பையன் காட்டுனான். ரொம்பச் சந்தோஷமுங்க. சொன்னபடி போட்டுடலாமுங்க. வெள்ளிக்கிழமை வாங்க, பேசிக்கலாம். ரெண்டாயிரம் மோட்டாரும் ரெடியா இருக்குதுங்க.”

இல்லீங்க ஐயா, வேண்டாமுங்க, இது வேலை செய்யலீங்க. மூன்று சொல்லும் அவள் நாக்கு நுனியில்தான் இருந்தன. அவர் குரலில் இருந்த பிரியம் காதில் தேனாக இறங்கிக்கொண்டிருந்தது.

“சரிங்க ஐயா. ரொம்ப நன்றிங்க. வந்தர்றனுங்க” என்றாள்.

போனை வைத்த பிறகுதான் தான் என்ன சொன்னோம் என்பது அவளுக்கு உறைத்தது. கீழே சென்னியப்பனை அந்த விரட்டு விரட்டியவள், அவர் செய்ததைவிடப் பெரிய காரியத்தை ஒரே மூச்சில் செய்துவிட்டாள். அவர் அமுக்கியது ஒரு பொத்தானை. இவள் இரண்டாயிரம் கிணற்றுக்காரர்களின் தலையில் கல்லைப் போட ஒப்புக்கொண்டிருக்கிறாள். மோட்டார் எரிந்து புகை வருகிற நிமிடம் வரைக்கும், கவலை வேண்டாம், கவலை வேண்டாம் என்று செவி அவர்களிடம் சொல்லிக்கொண்டே இருக்கும். தாட்சண்யம் தன நாசம் என்பார்கள். இங்கே நாசமாகப் போவது யாரோ ஒருவனுடைய வெள்ளாமை.

“விடு, நல்லதாப் போச்சு” என்றான் யஷ்வந்த்.

அவள் கோபாலசாமியைத் திரும்ப அழைத்தாள். இந்தத் தடவை அவரைப் பேசவே விடவில்லை.

“ஐயா, நான் சித்த முன்னால சொன்னது தப்புங்க. செவி வேலை செய்யலீங்க. மேசையில வெச்சாலும் நல்லா இருக்குதுங்குது. உங்க மோட்டாருக்குப் போட வேண்டாமுங்க.”

மறுமுனையில் ஒரு பெருமூச்சு கேட்டது. கோபப்படுகிறவர் விடும் பெருமூச்சு அல்ல அது. சுமையை இறக்கி வைத்தவர் விடுவது.

“அது தெரியுமுங்க அம்மணி” என்றார்.

“என்னங்க ஐயா?”

“நீங்க வந்துட்டுப் போன மறுநாளே சர்வீஸ் ஆளுக ஏழு மோட்டார்ல வெச்சுப் பார்த்துப்போட்டு வந்து சொல்லீட்டாங்க. ஒண்ணுகூடச் சரியாச் சொல்லலீன்னு.”

“அப்பறம் ஏனுங்க போடலாம் போடலாம்னு சொன்னீங்க?”

“என்னங்க பண்றது? அத்தனை தூரம் பஸ்ஸேறி வந்தீங்க. வேண்டாமுன்னு சொல்ல வாய் வல்லீங்க. ஒலகம் சொல்லட்டும்னு சொன்னா, அங்க எப்படியும் நீங்க மேல வரமாட்டீங்க, அதுவா அடங்கீருமுன்னு நெனச்சனுங்க. நீங்க என்னடான்னா மொத எடத்துக்கே வந்துட்டீங்க! வெள்ளிக்கிழமை நீங்க வந்தா என்ன சாக்குச் சொல்றதுன்னு இந்நேரம் மண்டைய ஒடச்சுட்டிருந்தனுங்க. நல்லவேளை, நீங்களே கூப்புட்டீங்க.” குரலில் உண்மையான நிம்மதி. “மனசுல வெச்சுக்காதீங்க. ஊட்டுல அப்பா நல்லா இருக்காங்களா?”

“இல்லீங்க” என்றாள் லோகப்பிரியா. “பத்து நாளா இடுப்பு வலி. படுத்த படுக்கையா இருக்காரு.”

இந்தக் கேள்விக்கு இப்படி ஒரு பதிலை கோபாலசாமி தன் ஆயுசில் கேட்டிருக்கமாட்டார். என்னமோ முனகிவிட்டுப் போனை வைத்தார்.

லோகப்பிரியா வெளி அறைக்கு வந்தாள். சுவர்த் திரையில் செவி முதல் இடத்தில் மின்னிக்கொண்டிருந்தது. யாரோ தேங்காய் பன்னை வெட்ட ஆரம்பித்திருந்தார்கள். அவள் முகத்தைப் பார்த்ததும் கத்தி நின்றது.

“ஒண்ணு கேட்கறேன். யாரையும் திட்டமாட்டேன்” என்றாள். “செவி வேலை செய்யலைன்னு உங்கள்ல யாருக்கெல்லாம் முன்னாடியே தெரியும்?”

முதலில் ஷ்ரவ்யாவின் கை, தோள் வரைக்கும்தான், எழுந்தது. பிறகு அவள் பக்கத்தில் இருந்த தீபக். பிறகு ஜன்னல் ஓரம் இருந்த இரண்டு பேர். தன் கண்ணையே நம்பாமல் அவள் ஒவ்வொரு கையாகப் பார்த்தாள். தினமும் சேர்ந்து சோறு தின்றவர்கள். எட்டு மாதமாக, அந்தத் தொண்ணூற்றேழை அவள் பெருமையாகச் சொல்லும்போதெல்லாம் தலையாட்டியவர்கள்.

பின்னால் யஷ்வந்த் தொண்டையைச் செருமினான். அவள் திரும்பினாள். அவன் கை மேலே இருந்தது.

“ஆவணியிலேயே தெரியும் லோகா. அந்தக் கோப்பை அப்பவே பார்த்துட்டேன். ரெண்டு தடவை சொல்லலாம்னு வந்தேன்” என்றான். “நீ அத்தனை சந்தோஷமா இருந்தே.”

அவளுக்கு அழுகை வரவில்லை, கோபமும் வரவில்லை. நாற்காலியைப் பிடித்து உட்கார்ந்தாள். உட்கார்ந்த இடத்தில் இருந்தே, எல்லோரும் திரையில் பார்த்துக்கொண்டிருக்க, துருக்கிக்காரருக்குப் பதில் எழுதத் தொடங்கினாள்.

‘எம்ரே அவர்களுக்கு. நீங்கள் சொன்னது சரி. செவி வேலை செய்யவில்லை. தொண்ணூற்றேழு சதவீதம் என்பது எங்களை நோகடிக்க விரும்பாத மனிதர்களின் எண்ணிக்கை. யாரும் இதை நம்பி மோட்டாரை ஓட்டவேண்டாம். இன்றே பக்கத்தை எடுத்துவிடுகிறோம்.’

விரல் அங்கே நின்றது. பிறகு இன்னும் ஒரு வரி சேர்த்து அனுப்பினாள்.

‘எட்டு மாதத்தில் எங்கள் முகத்துக்கு நேராக இல்லை என்று சொன்ன முதல் ஆள் நீங்கள்தான்.’